ஒளி புகாத கடலில் ஒரு பவளக்காடு

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகள், பத்தாம் வகுப்பில் பயில்பவள், இப்பகுதிக்கு ஒரு வினா விடுத்திருக்கிறாள். "பவளப் பாறைகள் வெப்பமான, ஆழமற்ற, கதிரவன் ஒளி நன்கு புகும் கடல்களில் மட்டுமே வளரும் என்று எங்கள் நிலநூற் பாடம் கூறுகின்றது. ஆனால் பனி உறையும் நார்வே நாட்டுக் கடலில் பெரும் பவளப் பாறைகள் உள்ளன என்று வேறோரிடத்தில் படித்தேன். இவற்றுள் எது சரி?" என்பது வினா. தேர்வுத் தாளில் மட்டும் பாடநூலில் உள்ளவாறே எழுதுக என்று முதற்கண் அக்குழந்தைக்குச் சொல்லி வைக்கிறேன்; மதிப்பெண் குறைந்தால் அவள் தந்தையார் என்னையல்லவா கேட்பார்! உண்மை யாது என்று கேட்டால், பாடநூல் கூறுவது பாதி உண்மை. மறுபாதி உண்மை நூறு பாகத்திற்கும் கீழே, இருளில் கிடக்கின்றது.

பவளம் கல்லுமன்று, செடியுமன்று. உயிருள்ள பூச்சிகள் கூடிக் கட்டிய குடியிருப்பு அது. ஒவ்வொரு பூச்சியும் ஒரு சிறு பை போன்றது. பையின் வாயைச் சுற்றி இதழ் விரித்தாற்போல மெல்லிய கைகள். அது கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தன் அடியில் ஒரு கிண்ணம் கட்டி அதனுள் அமர்ந்துகொள்ளும். பக்கத்தில் ஒரு பூச்சி அரும்பி, அதுவும் ஒரு கிண்ணம் கட்டும். இவ்வாறு கிண்ணத்தின்மேற் கிண்ணமாக எழுந்து கிளைத்து நிற்பதே பவளக் கல். தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர்கள் முருகைக்கல் என்று சொல்லி, முற்காலத்தில் வீட்டுச் சுவருக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் பயன்படுத்தியது இதனையே.

மன்னார் வளைகுடாவிலும் இலட்சத்தீவிலும் உள்ள பவளப் பூச்சிகள் தம் தசைக்குள்ளேயே நுண்ணிய பாசியைக் குடிவைத்துக்கொள்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைக்கின்றது. அவ்வுணவிற் பெரும்பங்கு வீட்டுக்காரருக்குச் சேர்கின்றது. பாசிக்கு ஒளி வேண்டும் ஆதலின் பூச்சிக்கும் ஒளி வேண்டியதாயிற்று. பாடநூல் கூறும் வெப்பம், தெளிவு, ஆழமின்மை என்னும் விதிகள் யாவும் இக்குடித்தனத்தை ஒட்டி எழுந்தவை. குடிவைக்காத பவளத்திற்கு அவ்விதிகள் பொருந்தா. அத்தகைய பவளங்கள் ஏதோ விதிவிலக்காகச் சிலவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அறியப்பட்ட பவள இனங்களுள் பாதிக்கு மேற்பட்டவை 50 மீட்டருக்குக் கீழே வாழ்பவையே. தொகையிற் பெரியவர்கள் இருளில் இருக்க, நம் கண்ணுக்கு எட்டிய சிறுபான்மையோரைக் கொண்டே நாம் இலக்கணம் எழுதிவிட்டோம்!

குளிர்கடற் பவளங்களுள் தலைமையானது லொஃபீலியா என்பது. 1758-ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் இதற்கு ஒரு பெயரிட்டு ஏட்டில் ஏற்றினார். லொஃபீலியா என்னும் பெயர் பின்வந்தோர் இட்டது. அதில் கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்று அடங்கியிருக்கிறது. கிண்ணத்தின் வாயிலிருந்து ஆரங்கள் கதிர்போல் விரிவதைக் கண்டு அப்பெயர் வைத்தனர் போலும். கதிரவனை ஒரு நாளும் காணாத பிறவிக்குக் கதிரவன் பெயர்! அண்மையில், 2016-இல், மரபணுக்களை ஒப்பிட்டு நோக்கிய ஆராய்ச்சியாளர் இதனை டெஸ்மோஃபில்லம் என்னும் வேறொரு குலத்திற் சேர்த்துவிட்டனர். ஆயினும் பழகிய பெயரை யாரும் எளிதில் விடுவதில்லை; நானும் விடவில்லை.

இதன் நிறம் பெரும்பாலும் தூய வெண்மை. சில இடங்களில் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் உண்டு. 4 முதல் 12 பாகை வரை வெப்பமுள்ள நீரில், பெரும்பாலும் 200 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில் இது வாழ்கின்றது. நார்வேயின் திரோந்தெயிம் நகரத்தை ஒட்டிய கடற்கழியில் மட்டும் 39 மீட்டர் ஆழம் வரை மேலேறி வந்திருக்கிறது. சமைத்துத் தர உள்ளே பாசி இல்லாமையால், இது தன் கைகளை விரித்து, நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களைக் கொட்டிப் பிடித்து உண்ணுகின்றது. மேற்கடலில் மடிந்த உயிர்களின் துணுக்குகளும் ஓயாமல் கீழே உதிர்ந்துகொண்டே இருக்கும். அதனைக் கடற்பனி என்று விஞ்ஞானிகள் வழங்குவர். அதுவும் இதற்கு உணவாகும். எனவே உணவைத் தேடிப் போக இயலாத இந்தப் பூச்சி, உணவு தன்னைத் தேடி வரும் இடமாகப் பார்த்துக் குடியேறுகின்றது. கடலடி மேடுகளின் உச்சி, சரிவின் விளிம்பு, கழியின் குறுகிய வாய் ஆகிய ஓட்டம் மிகுந்த இடங்களே இதற்கு உகந்தவை. ஓட்டமற்ற நீரில் சேறு படியும். சேற்றில் பூச்சி மூச்சுமுட்டி மடியும்.

இத்தகைய ஒன்று கடலடியில் இருப்பதை முதலில் அறிந்தவர்கள் மீனவர்களே. ஆழத்தில் இறக்கிய தூண்டிலிலும் வலையிலும் வெண்ணிறக் கிளைகள் சிக்கி வந்தன. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெர்கன் நகரத்து பிஷப்பாக இருந்த பொந்தோப்பிடான் என்பவர், நார்வேயின் இயற்கை வரலாற்றை எழுதும்போது, கடலில் விளையும் இம்மரங்களையும் குறிப்பிட்டார். கப்பலையே கவிழ்க்கும் பெருங்கணவாயைப் பற்றி அதே நூலில் அவர் எழுதியது உலகப் புகழ் பெற்றுவிட்டது; பவளத்தைப் பற்றி எழுதியதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. பின்னர், 1768-இல், திரோந்தெயிம் நகரத்து பிஷப்பாகிய கன்னேருஸ் என்பவரும் நார்வேப் பவளங்களைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். சமயப் பணிக்கிடையே இவ்விருவரும் கடலைக் கவனித்ததை மெச்சத்தான் வேண்டும்.

அதற்குப் பின் வந்த கற்றவர்கள் மீனவர் சொல்லை மறந்தனர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் 1841, 1842 ஆகிய ஆண்டுகளில் கிரேக்க நாட்டை அடுத்த ஏஜியன் கடலை அரித்துப் பார்த்தார். ஆழம் செல்லச் செல்ல உயிரினங்கள் அருகி வருவதைக் கண்டு, 300 பாகத்திற்குக் கீழே உயிரே இராது என்று முடிவு கட்டினார். 300 பாகம் என்பது ஏறத்தாழ 550 மீட்டர். ஏஜியன் கடல் இயல்பிலேயே உயிர்வளம் குறைந்தது. ஒரு வறண்ட காட்டைப் பார்த்துவிட்டு உலகமெங்கும் மரமில்லை என்று தீர்ப்புச் சொன்னது போலாயிற்று. எனினும் பேராசிரியர் சொன்ன சொல்லன்றோ? இருபது ஆண்டுகள் பலரும் அதனை நம்பினர்.

அந்த நம்பிக்கையை உடைத்தது ஓர் அறுந்த தந்திக் கம்பி. சார்டீனியாத் தீவிலிருந்து அல்ஜீரியாவின் போனா நகரம் வரை கடலடியில் 1857-இல் இட்ட கம்பி பழுதுற்றது. 1860-இல் ஃபிளீமிங் ஜென்கின் என்னும் பொறியியல் வல்லுநர் அதனை மேலே இழுத்தார். ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்தில் கிடந்த பகுதியின்மேல் கிண்ணப் பவளங்கள் ஒட்டி வளர்ந்திருந்தன! மேலிருந்து தவறி விழுந்தவை என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. கம்பியின் வளைவுக்கு ஏற்ப அடியைப் பொருத்திக்கொண்டு வளர்ந்திருந்தன. எந்த ஆண்டில் வந்தன என்ற ஐயமும் இல்லை. கம்பி கடலுக்குள் இறங்கியதே மூன்றாண்டுகளுக்கு முன்புதான். ஆராய்ச்சிக்காக எவரும் இடாத ஒரு கம்பி, ஆராய்ச்சியாளர் இருபது ஆண்டு வாதாடிய வழக்கைத் தீர்த்து வைத்தது.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. கல்கத்தாவில் வாழும் அன்பர்கள் அதனை நினைவிற் கொள்ளலாம். இந்தியக் கடல்களை அளப்பதற்கென்று 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் அரசாங்கக் கப்பல் ஒன்று அக்காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1888 முதல் 1892 வரை அதில் மருத்துவராகவும் இயற்கை ஆராய்ச்சியாளராகவும் இருந்தவர் ஆல்ஃபிரெடு ஆல்காக். பின்னர் அவரே சௌரங்கியிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் தலைவரானார். அக்கப்பல் ஆழத்திலிருந்து வாரிக் கொண்டுவந்த கற்பவளங்களை ஆராய்ந்து 1898-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் புதிதாகப் பெயரிட்ட ஒரு கிண்ணப் பவளத்துக்கு, தேவர் உண்ணும் அமுதம் என்று பொருள்படும் 'அம்புரோசியா' என்னும் சொல்லைச் சூட்டினார். ஆழ்கடலில் கிடக்கும் ஒரு சுண்ணாம்புக் கிண்ணத்துக்கு அமுதம் என்று பெயரிடும் உள்ளம் வாய்த்திருந்ததால்தான் அவரால் அத்தனை ஆண்டுகள் சேற்றை அலசிக்கொண்டிருக்க முடிந்தது என்பது என் எண்ணம். திருச்சூர்ப் பூரம் பார்க்கவும் தாஜ்மகால் பார்க்கவும் விடுமுறையில் பயணம் போகும் நம் குடும்பங்கள், கல்கத்தா செல்லும்போது அந்த அருங்காட்சியகத்துக்கும் ஒரு பகற்பொழுதை ஒதுக்குவது தகும்.

நார்வேக்கு மீள்வோம். 1982-இல் அந்நாட்டு எண்ணெய் நிறுவனத்தார் குழாய் இடுவதற்காகக் கடலடியை அளந்தபோது, நடுநார்வேக்கு எதிரே சூலா என்னும் மேட்டின்மேல் விந்தையான குவியல்களைக் கண்டனர். ஆராய்ந்து நோக்கியபோது, ஏறத்தாழ 13 கிலோ மீட்டர் நீளத்துக்குப் பவளம் படர்ந்திருப்பது தெரிந்தது. ஆழம் 300 மீட்டர் அளவில். இப்பவளம் அங்கே குடியேறிய வரலாறு சுவையானது. பனியூழிக் காலத்தின் முடிவில், மலைபோன்ற பனிப்பாறைகள் மிதந்து சென்றபோது அவற்றின் அடிப்புறம் கடல்தரையை உழுதுகொண்டே போயிற்று. உழுசாலின் இரு கரையிலும் சேறு நீங்கிக் கற்கள் வரப்பு வரப்பாக ஒதுங்கின. பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள உறுதியான கல் வேண்டும்; சேற்றில் அது வேர்கொள்ளாது. ஆகவே பனி உழுத வரப்பின்மேல் பவளம் முளைத்தது. இப்போது காணும் பவளப் பாறையின் அடிப்பகுதி 8,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது என்று கணக்கிட்டிருக்கின்றனர்.

அதனினும் பெரியது லொஃபோத்தன் தீவுகளின் தென்கோடியிலுள்ள இரோஸ்து தீவுக்கு மேற்கே உள்ளது. 2002-ஆம் ஆண்டில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. 300 முதல் 400 மீட்டர் ஆழத்தில், கடற்சரிவின் விளிம்பையொட்டி, 35 கிலோ மீட்டருக்குக் குறையாத நீளமும் 3 கிலோ மீட்டர் வரை அகலமும் உள்ள பெருங்காடு. சந்திரனுக்கு மனிதன் போய்வந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்தே, தன் வீட்டு வாயிலில் இத்துணைப் பெரிய காடு இருப்பதை நார்வேக்காரர் அறிந்தனர்.

இக்காட்டின் ஒரு கிளையைக் கையிலெடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டினால், அதிலே ஒரு தனிக்குடித்தனத்தைக் காணலாம். கிளைகளுக்கு இடையில் தாள்போன்ற மெல்லிய குழாய் ஒன்று வளைந்து வளைந்து செல்லும். அதனுள் வாழ்வது ஒரு புழு. யூனிசு என்பது அதன் குலப்பெயர். சாணளவும் அதற்கு மேலும் வளரும். கூரிய தாடை உடையது. புழு குழாய் கட்ட, பவளம் அக்குழாயின்மேல் சுண்ணாம்பு பூசிக் கல்லாக்கிவிடுகின்றது. புழு ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குக் குழாயை நீட்ட, பவளம் அதனையும் பூச, தனித்தனியே நின்ற கிளைகள் பாலமிட்டாற்போல் இணைந்து உறுதி பெறுகின்றன. நீர்த்தொட்டியில் இட்டு நோக்கியபோது, புழு உடைந்த பவளத் துண்டுகளைத் தன் தாடையால் பற்றி இழுத்து ஒன்று சேர்த்ததைக் கண்டனர். புழு உடன் இருக்கும் பவளம், தனித்திருக்கும் பவளத்தைவிட மிகுதியாகச் சுண்ணாம்பு கட்டியதும் தெரியவந்தது. பவளத்தின் வாயருகே வந்த உணவைப் புழு சில வேளை தட்டிப் பறித்துக்கொள்வதும் உண்டு. ஆயினும் பகைவர் அணுகினால் புழுவே முன்வந்து கடிக்கின்றது. கொத்தனாரும் காவற்காரரும் ஒருவராகவே அமைந்தால், அடுக்களையில் சிறிது கைவைப்பதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

புழுவோடு முடிவதன்று இக்குடியிருப்பு. வடகிழக்கு அட்லாண்டிக் கடலின் லொஃபீலியாப் பாறைகளில் மட்டும் 1,300-க்கு மேற்பட்ட உயிரினங்களைக் கணக்கெடுத்திருக்கின்றனர். கடற்பஞ்சு, நண்டு, நட்சத்திர மீன், சங்கினங்கள் எனப் பலவகை. வயிற்றில் குஞ்சு சுமக்கும் செம்மீன்கள் ஒதுங்குவதற்கு இப்பாறைகளைத் தேடி வருகின்றன. மலையாள நாட்டார் செம்மீன் எனக் கூறும் இறாலை நான் கருதவில்லை. இது நிறத்தாற் சிவந்த வேறு மீன். இத்தனை உயிர்களைத் தாங்கும் பாறையில் உயிரோடு இருக்கும் பவளம் மேற்புறத்து மெல்லிய அடுக்கு மட்டுமே. கீழுள்ளதெல்லாம் முன்னோர் விட்டுச்சென்ற வெற்றுக் கூடுகள். அக்கூடுகளின் இண்டு இடுக்குகளில்தான் மற்ற உயிர்களிற் பெரும்பாலானவை குடியிருக்கின்றன. இது பின்னர் நமக்குப் பயன்படும் செய்தி, நினைவில் வைத்துக்கொள்க.

இப்போது துன்பமான பகுதிக்கு வருகிறேன். நார்வேயில் தூண்டில் மீனவர் என்றும் இழுவை மடி மீனவர் என்றும் இரு சாரார் உண்டு. நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கோத்து இடும் முறை நம் தென்கரையிலும் உள்ளது. ஆயிரங்கால் தூண்டில் என்பர். இவர்கள் பவளம் உள்ள இடம் தேடிப் போவார்கள். அங்கே பெருமீன் கிடைக்கும். இழுவை மடிக்காரருக்கோ பவளம் இடையூறு, மடியைக் கிழித்துவிடும். 1980-களின் நடுவிலிருந்து, கனத்த இரும்புப் பலகைகளும் உருளைகளும் பூட்டிய மடியை வலிமை மிக்க கப்பல்கள் கடற்சரிவில் இழுக்கத் தொடங்கின. தூண்டில்காரர் தம் பழைய இடங்களுக்குப் போய்ப் பார்த்தபோது மீன் குறைந்திருந்தது. தூண்டிலில் நொறுங்கிய பவளத் துண்டுகள் வந்தன. அவர்கள் முறையிட்டனர். அந்நாட்டுக் கடலாராய்ச்சி நிலையத்தார் நீர்மூழ்கிப் படக்கருவிகளை இறக்கிப் பார்த்தனர். சில இடங்களில் பவளம் நின்றிருந்த தரை முழுதும் சல்லிக்கற் பரப்பாகக் கிடந்தது. அதன் நடுவே இழுவைத் தடம் சாலை போல் நேராக ஓடியது. அந்நாட்டுப் பவளப் பாறைகளுள் 30 முதல் 50 விழுக்காடு வரை சேதமுற்றிருக்கலாம் என்று 2002-இல் வெளியிட்ட ஆய்வில் அவர்கள் மதிப்பிட்டனர்.

இச்சேதம் எத்தன்மையது என்பதை எண்ணிப் பாருங்கள். லொஃபீலியாவின் ஒரு கிளை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை நீளும். வடகடல் எண்ணெய்க் கட்டடங்களின் இரும்புக் கால்களில்கூட அது ஒட்டி வளர்ந்திருக்கிறது. 'பிரெண்ட் ஸ்பார்' என்னும் எண்ணெய்க் கிடங்கைக் கடலில் மூழ்கடிக்கக் கூடாது என்று 1995-இல் ஐரோப்பாவில் பெருங்கிளர்ச்சி நடந்தது. அதே கிடங்கின் உடலில் லொஃபீலியா செழித்திருந்ததை 1999-இல் அறிவித்தனர். யாரைக் குறை சொல்வது என்று அப்போது பலர் திகைத்திருப்பர்! ஆகவே கிளை வளர்வது அத்துணை அரிதன்று. கிளை ஒடிந்து, இடுக்குகளில் மணல் நிரம்பி, அதன்மேல் மறு கிளை எழுந்து பாறையாக உயர்வதே அரிது. அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. எண்ணாயிரம் ஆண்டில் எழுந்ததை ஒரு பிற்பகலில் ஒரு மடி தரைமட்டமாக்கிவிடும். அம்மடியில் வந்த மீன் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று நான் சில வேளை எண்ணிப் பார்ப்பதுண்டு.

நார்வே அரசாங்கத்தார் விரைந்து செயற்பட்டனர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1999-இல், தெரிந்தோ கவனமின்றியோ பவளப் பாறையைச் சேதப்படுத்துதல் குற்றம் என்று விதி வகுத்து, சூலா மேட்டில் இழுவை மடியைத் தடுத்தனர். இரோஸ்துப் பாறைக்கு, கண்டுபிடித்த அடுத்த ஆண்டிலேயே அதே காவல் கிடைத்தது. ஸ்காத்துலாந்துக்கு வடமேற்கே 1,000 மீட்டர் ஆழத்தில் 1998-இல் கண்ட 'டார்வின் மேடுகள்' என்னும் பவளத் திட்டுகளில் ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் இழுவையை நிறுத்தியது. 2016-இல் தன் கடல்களில் 800 மீட்டருக்குக் கீழே தரையிழுவையே கூடாது என்றும் சட்டம் செய்தது. தூண்டில்காரரின் முறையீட்டுக்கு அரசாங்கம் செவி கொடுத்ததே இவற்றுக்கெல்லாம் தொடக்கம்.

இவ்விடத்தில் நம் கரையைப் பற்றி ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. நம் நாட்டுக்கு விசைப்படகு மீன்பிடிப்பைக் கொண்டுவந்து பழக்கியவர்களுள் முதன்மையானவர் இதே நார்வேக்காரர்தாம். 1952-இல் செய்த ஒப்பந்தப்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கியது. பின்னர் மண்டபம் முதலிய ஊர்களுக்கும் விரிந்தது. ஏழை மீனவருக்கு நல்லதோர் உதவி என்ற எண்ணத்துடனேயே அவர்கள் வந்தனர். பொறியும் படகும் பனிக்கட்டி ஆலையும் தந்தனர். இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியதும் இழுவை மடி எங்கும் பரவியது. அதன்பின் கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் நேர்ந்த பூசல்களை, கரையூர்களில் உறவினர் உள்ள நம் அன்பர்கள் நன்கறிவர். 1990-களின் இறுதி முதல் கொல்லத்துக்கு மேற்கே 200 மீட்டருக்கும் கீழே சென்று ஆழ்கடல் இறாலுக்கு மடி இழுக்கின்றனர். ஆல்காக்கின் கப்பல் வாரிய கிண்ணப் பவளங்களின் எல்லை அது. தன் கடலில் இழுவைக்கு எல்லை வகுத்த நார்வேயின் பிற்காலப் பாடமும், முற்காலப் படகைப் போலவே, இங்கே வந்து சேரவேண்டுமென்பது என் விருப்பம்.

மடிக்கு வேலி போடலாம். வேலி போட முடியாத தீங்கு ஒன்றும் உண்டு. நாம் எரிக்கும் நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் எழும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் விழுங்கிக்கொள்கின்றது. சோடாப் புட்டியில் வாயுவை அடைத்தால் நீர் சிறிது புளிப்பது போல, கடல்நீரும் அமிலத் தன்மையை நோக்கி மெல்ல நகர்கின்றது. அதனால் பவளம் சுண்ணாம்பு கட்டுதல் கடினமாகும். ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே நீர் தானாகவே சுண்ணாம்பைக் கரைக்கும் தன்மையுடையது; அந்த எல்லைக்கோடு வட அட்லாண்டிக்கில் 2,000 மீட்டருக்கும் கீழே இருக்கின்றது. வட பசிபிக்கிலோ சில நூறு மீட்டரிலேயே வந்துவிடுகின்றது. அங்கே கற்பவளப் பாறைகள் அரிதாயிருத்தற்கு அதுவே காரணம் என்பர். அக்கோடு இப்போது மேலே ஏறிவருகின்றது. இவ்வாறே சென்றால் இந்நூற்றாண்டின் முடிவில், அறியப்பட்ட குளிர்கடற் பவள இடங்களில் 70 விழுக்காடு கரைக்கும் நீருக்குள் அகப்பட்டுவிடும் என்று 2006-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

உயிருள்ள பவளம் தன் தசையால் கூட்டைப் போர்த்துக்கொண்டு ஓரளவு சமாளிக்கக்கூடும். ஆனால் நான் முன்னே நினைவில் வைக்கச் சொன்ன வெற்றுக் கூடுகளுக்குப் போர்வை ஏது? அவை மெல்ல மெல்லத் துளைபட்டு நலிகின்றன. முதியோர்க்கு வரும் எலும்புத் தேய்வோடு இதனை ஆராய்ச்சியாளரே ஒப்பிடுகின்றனர். மேலே பவளம் உயிரோடு பூத்திருக்க, கீழே தாங்கி நிற்கும் அடுக்கு ஒரு நாள் நொறுங்கி அமரலாம். மீனும் நண்டும் குடியிருந்த மாடி வீடு, மேற்கூரை மட்டும் தரையில் கிடக்கும் நிலைக்கு வந்துவிடும்.

இதற்கிடையில் புதிய காடுகளும் கண்ணுக்குப் புலப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் பிளேக்கு மேட்டு நிலத்தில், எதிரொலிக் கருவியால் கடலடியை அளந்து வெளியிட்ட படம் 2024-இல் வந்தது. 500 கிலோ மீட்டர் நீளமும் 110 கிலோ மீட்டர் வரை அகலமும் உள்ள பரப்பில் 83,908 பவள மேடுகளை எண்ணியிருக்கின்றனர். இன்று அறியப்பட்ட குளிர்கடற் பவள வாழிடங்களுள் அதுவே மிகப் பெரியது. நம் நாட்டிலும் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தார், மூவரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் இறங்கும் 'மத்ஸ்யா' என்னும் கலத்தை உருவாக்கும் பணியை மேற்கொண்டிருக்கின்றனர். அது இறங்கும்போது நம் கடலின் அமுதக் கிண்ணங்களையும் எட்டிப் பார்க்கட்டும்.

இறுதியாக, வீட்டிலுள்ள பவள மாலையைப் பற்றியும் சிலர் கேட்பீர்கள். அது லொஃபீலியா அன்று. மத்தியதரைக் கடலின் பாறைக் குகைகளிலும் மங்கலொளி மட்டும் புகும் சரிவுகளிலும் வளரும் செம்பவளம் அது. அதன் உடலிலும் பாசிக் குடித்தனம் இல்லை. உரோமர் காலத்திலேயே முசிறித் துறைமுகத்தில் அது வந்து இறங்கியது. உரோமர் முத்தை மதிப்பதுபோல் இந்தியர் பவளத்தை மதிக்கின்றனர் என்று பிளினி என்னும் உரோம அறிஞர் எழுதி வைத்தார். நம்மவர் முத்தை அனுப்பி அவர்கள் பவளத்தைப் பெற்றனர். இரு சாராரும் மற்றவர் ஏமாந்தார் என்றே மகிழ்ந்திருக்கலாம்! அச்செம்பவளத்தின் தண்டு ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூடப் பருக்காது. 7 மில்லிமீட்டர் பருக்காத தண்டை எடுக்கலாகாது என்று மத்தியதரைக் கடல் நாடுகள் 2012-இல் விதி செய்தன; அந்த அளவுக்குப் பருக்க ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆகும். நம் கடலிலிருந்து கற்பவளத்தையோ கரும்பவளத்தையோ கடல் விசிறியையோ எடுப்பதும் விற்பதும், 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடுங்குற்றம். சுற்றுலா சென்ற இடத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வருவோர் இதனை மனத்திற் கொள்க.

கடைவீதியில் செம்பவளம் என்று மலிவாகக் கிடைப்பவற்றுள் பல, மூங்கிற் பவளம் என்னும் வேறோர் இனத்தை அறுத்துச் சாயமேற்றியவை. அந்தக் குடும்பத்துப் பவளங்களிற் பெரும்பான்மை ஆழ்கடல்வாசிகள். மணியின்மேல் ஓடும் கோடுகள் நெருக்கமாகவும் மெல்லியனவாகவும் இருந்தால் செம்பவளமாகலாம். கண்ணுக்குப் பளிச்சென்று அகன்று தெரிந்தால் ஐயம் கொள்க. நகச்சாயம் நீக்கும் நீர்மத்தைப் பஞ்சில் நனைத்து, மணியின் மறைவான ஓர் ஓரத்தில் மெல்லத் தேய்த்தால், சாயமேற்றிய மணி பஞ்சைச் சிவக்கச் செய்துவிடும்.